சிம்ப்ஸன்ஸ் கிறிஸ்துமஸ் எபிசோடில் ரெஃபரன்ஸையும் கால்பேக்கையும் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கார்ட்டூன் சிட்காம்களை, அதாவது நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்துக் குறிப்பு எழுதும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். டிசம்பர் வந்தால் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் எபிசோடு சீசன். புதிதாக இரண்டு மூன்று பேர் சேருவார்கள், அநேகமாக எல்லோருமே ஒரே இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஒரு பெயர் காதில் விழுந்த உடனே அதைத் தேடிப் பார்த்து, முதலில் கண்ணில் பட்டதை எழுதிவிடுவார்கள். ஒருவர் ‘டைனி டிம்’ என்ற பெயருக்கு, யுகுலேலே மீட்டிப் பாடிய அமெரிக்கப் பாடகரைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதிக்கொண்டு வந்தார். எபிசோடில் வரும் டைனி டிம், சார்ல்ஸ் டிக்கன்ஸ் கதையில் ஊன்றுகோலோடு நடக்கும் ஏழைப் பையன். பாடகர் அந்தப் பெயரை மேடைப் பெயராக வைத்துக்கொண்டவர், அவ்வளவுதான்.

உழைப்பு குறைவதால் இப்படி ஆவதில்லை, வேலையின் வரிசை மாறிப்போவதால் ஆகிறது. அதனால் வரிசையை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். உதாரணமெல்லாம் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரிலிருந்துதான். பெரும்பாலும் 1989 டிசம்பர் 17 அன்று ஃபாக்ஸ் சேனலில் வந்த முதல் முழுநீள எபிசோடான ‘சிம்ப்ஸன்ஸ் ரோஸ்டிங் ஆன் அன் ஓப்பன் ஃபயர்’.

இரண்டு சொற்களை மட்டும் முதலிலேயே பிரித்துக்கொள்வோம். தொடருக்கு வெளியே இருக்கும் படம், பாட்டு, கதை, ஆள் ஆகியவற்றைத் தொட்டுக்காட்டினால் ரெஃபரன்ஸ். அதே தொடரில் முன்பு நடந்ததைத் தொட்டுக்காட்டினால் கால்பேக்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

சரியான பிரதி. இதை அலட்சியப்படுத்தினால் மற்ற எல்லாமே வீண். 2009 தொடக்கம் வரை சிம்ப்ஸன்ஸ் பழைய டிவியின் 4:3 சட்டகத்தில்தான் வந்தது. 2019இல் டிஸ்னி ப்ளஸ்ஸில் ஏற்றியபோது அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கிவிட்டார்கள். 1993இல் வந்த ‘டஃப்லெஸ்’ எபிசோடில் டஃப், டஃப் லைட், டஃப் ட்ரை என்று மூன்று பீர் தொட்டிகள் வரும், மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து ஒரே பீர் பாயும். நறுக்கிய பிரதியில் குழாயே இல்லை, ஜோக்கும் இல்லை. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு 2020இல் பழைய சட்டகத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆங்கில சப்டைட்டில். ஆங்கிலம் சரளமாகப் புரிந்தாலும் போடுங்கள். மொழிபெயர்ப்பு சப்டைட்டில் வேண்டாம், அதில் முதலில் காணாமல் போவது பெயர்களும் சொல் விளையாட்டும்தான்.

எபிசோடு பட்டியல். ஒளிபரப்பான தேதி, தயாரிப்பு எண் இரண்டும் இருக்கிற பட்டியலாக இருக்கட்டும். எதற்கு என்று ஏழாம் படியில் தெரியும்.

ஒரு நோட்டு, ஆறு பத்தி: நேரம், கேட்டது, பார்த்தது, மூலம், மூலத்தின் ஆண்டு, வகை. முதல் மூன்றை மட்டும் இப்போது நிரப்பப் போகிறோம். மற்ற மூன்றும் காலியாக இருந்தால் கை குறுகுறுக்கும், இருக்கட்டும்.

கடைசியாக, கொஞ்சம் முன்தயாரிப்புப் பார்வை. அமெரிக்கக் கிறிஸ்துமஸ் எபிசோடுகள் திரும்பத் திரும்ப ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கின்றன. டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ (1843), கிறிஸ்துமஸ் தாத்தா சாண்டாவின் வண்டியை இழுக்கும் எட்டு கலைமான்களுக்கும் பெயர் வைத்த 1823ஆம் ஆண்டுக் கவிதை, ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் த மேஜை’ (1905), ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946), ‘மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ (1947), அப்புறம் அறுபதுகளின் டிவி சிறப்பு நிகழ்ச்சிகளான ருடால்ஃப் (1964), சார்லி பிரவுன் (1965), க்ரின்ச் (1966). இந்த எட்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நேரமில்லை, ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ பாருங்கள். 1974இல் அந்தப் படத்தின் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்றதும் கண்ட சேனலிலெல்லாம் ஒவ்வொரு டிசம்பரும் ஓடியது. எண்பதுகளில் வளர்ந்த அமெரிக்கர்களுக்கு அது மனப்பாடம். அதனால்தான் கார்ட்டூன்காரர்கள் ஒரு வரி பேசினாலே அங்கே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

2. எந்த எபிசோடிலிருந்து தொடங்குவது

பலரும் தங்களுக்குப் பிடித்த எபிசோடிலிருந்து தொடங்குவார்கள். வேண்டாம், 1989இலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்னால் முழுநீள எபிசோடு எதுவும் ஒளிபரப்பாகவில்லை. கால்பேக் அநேகமாக இருக்காது, எனவே ரெஃபரன்ஸை மட்டும் பிடித்துப் பழகலாம்.

அடுத்து 1995இன் ‘மார்ஜ் பி நாட் ப்ரவுட்’, அதற்கடுத்து 1999இன் ‘க்ரிஃப்ட் ஆஃப் த மேஜை’. 2011இன் ‘ஹாலிடேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ கடைசியில். தொடர் முடிந்துவிடுமோ என்ற நிலையில் இறுதி எபிசோடாகவும் இருக்கும்படி எழுதப்பட்டது அது. பழைய எபிசோடுகளின் வாடை இல்லாத நிமிடமே கிடையாது, அதில் போய் முதலில் இறங்கினால் மூச்சுத் திணறும்.

3. முதல் முறை: பேனாவை எடுக்காதீர்கள்

சும்மா உட்கார்ந்து பாருங்கள். நிறுத்தாதீர்கள். கதை என்ன, எந்தக் காட்சி எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் குறித்தால், கதையையே தாங்கி நிற்கிற ரெஃபரன்ஸும் போகிற போக்கில் வருகிற ரெஃபரன்ஸும் நோட்டில் ஒரே அளவில் உட்கார்ந்துவிடும்.

1989 எபிசோடின் கதை இது. சிம்ப்ஸன் குடும்பத்தின் அப்பா ஹோமரின் வருடப் போனஸ் இல்லையென்று முதலாளி பர்ன்ஸ் கைவிரிக்கிறார். மனைவி மார்ஜ் சேர்த்துவைத்த காசு, மகன் பார்ட் குத்திக்கொண்ட பச்சையை அழிக்கச் செலவாகிவிடுகிறது. ஹோமர் ரகசியமாகக் கடையொன்றில் சாண்டா வேஷம் போடுகிறார், பிடித்தம் போகக் கையில் வருவது 13 டாலர். அதை நாய்ப் பந்தயத்தில் கட்டித் தோற்கிறார். தோற்ற நாயை அதன் சொந்தக்காரர் விரட்டிவிட, அதையே வீட்டுக்குக் கூட்டி வருகிறார்.

பார்த்து முடித்ததும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: ‘இங்கே யாரோ சிரிக்க வேண்டும், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை’ என்று எங்கெல்லாம் தோன்றியது? உங்களுக்குத் தெரியாத மூலம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். புரிந்த ஜோக்கைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் குறிக்கலாம். புரியாத இடத்தை நாளைக்கு நினைவில் பிடிக்க முடியாது.

4. இரண்டாம் முறை: கேட்டதை மட்டும் எழுதுங்கள்

இப்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெயர், பாட்டு, விசித்திரமாக ஒலிக்கும் சொற்றொடர் எது வந்தாலும் நேரத்தோடு எழுதுங்கள். அர்த்தம் எழுதாதீர்கள். அர்த்தம் எழுதத் தொடங்கினால் காது அதையே தேடத் தொடங்கிவிடும், அடுத்த வரி தவறிப்போகும்.

இந்த எபிசோடில் நான் எல்லோரையும் நிறுத்தச் சொல்லும் இடம், சாண்டா பயிற்சி வகுப்பு. கலைமான்களின் பெயர்களைச் சொல்லச் சொல்கிறார்கள். ஹோமர் இழுத்து இழுத்துச் சொல்வது: டேஷர், டேன்ஸர், ப்ரான்ஸர், நிக்ஸன், காமெட், க்யூபிட், டோனா டிக்ஸன்?

இதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள், எண்ணியும் பாருங்கள். ஏழுதான் வருகிறது. கவிதையில் எட்டு. ‘விக்ஸன்’ என்ற கலைமானின் இடத்தில் பதவி விலகிய அமெரிக்க அதிபர் நிக்ஸன் வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசி இரண்டான ‘டானர், ப்ளிட்ஸன்’ இரண்டும் சேர்ந்து ‘டோனா டிக்ஸன்’ ஆகிவிட்டன. அது 1980 முதல் 1982 வரை ஓடிய ‘பூஸம் பட்டீஸ்’ சிட்காமில் நடித்த நடிகையின் பெயர். ஹோமரின் மண்டைக்குள் பழைய கவிதையைவிட டிவிதான் அதிகம் ஏறியிருக்கிறது என்பது ஜோக். சப்டைட்டிலை நம்பி ‘டானர், டிக்ஸன்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தால் இது கையில் சிக்கியிருக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸுக்குப் பெயர் வந்ததே நிக்ஸனின் நடுப்பெயரான ‘மில்ஹஸ்’ என்பதிலிருந்துதான். இது உண்மை. இதைத் தெரிந்துகொண்ட ஒரு புது ஆள், ஹோமர் நிக்ஸன் என்று சொன்னது மில்ஹவுஸைக் குறிக்கும் ரகசியக் குறிப்பு என்று எழுதிவிட்டார். இரண்டு உண்மைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். ‘விக்ஸன்’ என்ற ஒலியே அந்த ஜோக்குக்குப் போதும்.

5. மூன்றாம் முறை: சத்தத்தை அணைத்துவிடுங்கள்

வசனம் ஓடினால் கண் வாயைப் பார்க்கும். சத்தம் இல்லாவிட்டால் சுவரையும் பலகையையும் பார்க்கும். கார்ட்டூனில் பின்னணியில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், தற்செயலாக எதுவும் உள்ளே வந்துவிடாது.

பார்ட்டின் பச்சையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘மதர்’ என்று குத்திக்கொள்ள உட்கார்ந்தவனை அம்மா பாதியிலேயே இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள், கையில் நிற்பது ‘மாத்’, அதாவது அந்துப்பூச்சி. இது ரெஃபரன்ஸ் இல்லை, வெறும் எழுத்து விளையாட்டு. ஆனாலும் ‘பார்த்தது’ பத்தியில் குறியுங்கள், வகையைப் பிறகு பார்க்கலாம்.

1995 எபிசோடில் இதேபோல ஒன்று வரும். வீடியோ கேமில் மில்ஹவுஸ் தன் பெயரை ‘த்ரில்ஹவுஸ்’ என்று அடிக்கிறான், எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லாமல் ‘த்ரில்ஹோ’ என்று நின்றுவிடுகிறது. அந்தக் காலத்து கேம்களில் பெயருக்கு எத்தனை எழுத்து என்று கணக்கு இருந்ததை அனுபவித்தவர்களுக்கு உடனே புரியும். அதே எபிசோடில், கேமைத் திருடச் சொல்லி பார்ட்டைத் தூண்டிவிட மரியோ, லூயிஜி, டாங்கி காங், சோனிக் எல்லோரும் அவன் கற்பனையில் வந்து நிற்பார்கள். பெயர் சொல்லி அறிமுகப்படுத்தவெல்லாம் மாட்டார்கள், உருவம்தான் அடையாளம்.

6. இப்போதுதான் வகை பிரிக்க வேண்டும்

நோட்டில் முப்பது நாற்பது வரி சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் ஐந்து கூடைகளில் ஏதோ ஒன்றில் போடுங்கள். சிலவற்றை ஒரு வரியில் முடிக்கலாம், ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

நேரடி ரெஃபரன்ஸ்: பெயர் சொல்லியோ உருவம் காட்டியோ வருவது. மேலே சொன்ன மரியோ.

தலைப்பு ரெஃபரன்ஸ்: கதைக்குள் தேடாதீர்கள், பல நேரம் தலைப்போடு முடிந்துவிடும். 1989 எபிசோடின் தலைப்பு ‘தி கிறிஸ்துமஸ் சாங்’ பாட்டின் முதல் வரியில் கஷ்கொட்டைகளுக்குப் பதிலாக சிம்ப்ஸன்களைத் தீயில் வாட்டுகிறது. ‘மார்ஜ் பி நாட் ப்ரவுட்’ என்பது மரணத்தைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் எழுதிய கவிதை வரியைத் திருப்பிப் போட்டது. கதையில் மரணமும் இல்லை, ஜான் டன்னும் இல்லை.

வழக்கம்: கிறிஸ்துமஸ் கதை என்றாலே வருகிற பனி, மரம், கடைசியில் குடும்பம் சேர்ந்து பாடுவது. இதற்கெல்லாம் மூலம் தேடாதீர்கள். புதியவர்களின் நோட்டில் பாதி இந்தக் கூடையில்தான் விழும்.

கால்பேக்: ஒன்பதாம் படியில் வருகிறேன்.

போலிச் சரக்கு: ஒரு நிஜப் பொருளுக்குப் பதிலாகத் தொடர் தானே உருவாக்கிக்கொண்ட பொருள். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

1989 எபிசோடில் வீட்டில் எல்லோரும் டிவியில் ‘ஹேப்பி லிட்டில் எல்வ்ஸ்’ என்ற குட்டி எல்ஃப்களின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பார்ப்பார்கள். நீல நிறக் குட்டிக் கார்ட்டூன் பாத்திரங்களான ஸ்மர்ஃப்களைக் கிண்டல் செய்யும் போலிச் சரக்கு அது. நாய்ப் பந்தயத்துக்குப் போகத் தயங்கும் அப்பாவிடம் பார்ட் சொல்வதை அதோடு சேர்த்துப் பாருங்கள். டிவி எனக்கு ஏதாவது கற்றுக்கொடுத்தது என்றால், கிறிஸ்துமஸ் அன்று ஏழைப் பிள்ளைகளுக்கு அற்புதம் நடக்கும் என்பதைத்தான். டைனி டிம்முக்கு நடந்தது, சார்லி பிரவுனுக்கு நடந்தது, ஸ்மர்ஃப்களுக்கு நடந்தது, நமக்கும் நடக்கும் என்கிற பொருளில் பேசுவான்.

ஆக ஒரே எபிசோடில் நிஜ ஸ்மர்ஃபும் உண்டு, போலி ஸ்மர்ஃபும் உண்டு. பலர் இதைப் பிழை என்று எழுதுவார்கள். பிழை இல்லை, இரண்டுக்கும் வேலை வேறு. போலியைத் திரையில் காட்டி இஷ்டத்துக்குக் கேலி செய்யலாம், அதுவரை போலி போதும். பார்ட்டின் பேச்சு பலிக்க வேண்டுமானால் பார்வையாளரும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும், அதற்கு நிஜப் பெயர்தான் வேண்டும்.

அந்த மூன்று பெயர்களின் வரிசையையும் கவனியுங்கள். 1843இல் வந்த இலக்கியம், 1965இன் மதிப்பான டிவி நிகழ்ச்சி, 1982இல் ஸ்மர்ஃப்களுக்கென்று வந்த கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி. படி இறங்கிக்கொண்டே வருகிறது, கடைசிப் படியில்தான் சிரிப்பு. இந்த நம்பிக்கையில்தான் அப்பா போய் ஜெயிக்க வாய்ப்பே இல்லையென்று 99க்கு 1 பந்தய விகிதம் போட்ட நாயின் மேல் 13 டாலரையும் கட்டுகிறார். அதாவது ரெஃபரன்ஸே இங்கே கதையைத் தள்ளுகிறது. இப்படி ஒன்று கிடைத்தால் நோட்டில் நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள், எழுதும்போது அதற்கு நான்கு மடங்கு இடம் கொடுக்க வேண்டும்.

7. தேதியைச் சரிபார்ப்பது

‘மூலத்தின் ஆண்டு’ பத்தியை நிரப்பும் நேரம் இது. மூலம் பிந்தியதாக இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கேட்கவே வேடிக்கையாக இருக்கும், ஆனால் 1989 எபிசோடில் தொண்ணூறுகளின் படங்களைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.

ஒளிபரப்புத் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. இந்த எபிசோடின் தயாரிப்பு எண் 7ஜி08. முதலில் தயாரானது 7ஜி01, ‘சம் என்சாண்டட் ஈவ்னிங்’. அதன் அனிமேஷன் சரியாக வராததால் பெரும்பகுதியை மறுபடி செய்து, 1990 மே 13இல் முதல் சீசனின் கடைசி எபிசோடாகப் போட்டார்கள். எட்டாவதாகத் தயாரான கிறிஸ்துமஸ் கதை முதலில் வந்துவிட்டது. அதனால், மே மாத எபிசோடில் ஏதோ ஒன்று டிசம்பர் எபிசோடை ‘நினைவூட்டுகிறது’ என்று எழுதினால் குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுவதாகிவிடும்.

இதே காரணத்தால் வழக்கமான தொடக்கப் பாடலும், குடும்பம் சோஃபாவில் வந்து உட்காரும்போது வரும் சோஃபா ஜோக்கும் இந்த எபிசோடில் இல்லை. 1990 ஜனவரி 14இல் வந்த ‘பார்ட் த ஜீனியஸ்’ எபிசோடில்தான் அவை தொடங்குகின்றன. மதுக்கடைக்காரர் மோவுக்குக் கறுப்பு முடி, ஹோமரின் நண்பர் பார்னிக்கு மஞ்சள் முடி. புதியவர்கள் இதற்கெல்லாம் பொருள் தேடுவார்கள். பாத்திரங்களின் தோற்றம் இன்னும் முடிவாகாத காலம் அது. அடித்துவிட்டு மேலே போங்கள்.

8. மூலத்துக்கே போவது

வருடம் பொருந்துகிறது என்பதாலேயே மூலம் அதுதான் என்று ஆகிவிடாது. பள்ளி விழாவில் பார்ட் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டைக் கெடுத்து, பேட்மேன் நாறுகிறான் என்று பாடுவான். 1989 ஜூனில்தான் பேட்மேன் திரைப்படம் வந்து சக்கைப்போடு போட்டது. சரி, படத்தின் ரெஃபரன்ஸ் என்று எழுதிவிடலாமா?

கூடாது. அந்தக் கேலிப் பாட்டை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வாய்வழியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். தவிர, ஒரு கார்ட்டூன் எபிசோடு எழுத்திலிருந்து திரைக்கு வரப் பல மாதங்கள் ஆகும், ஜூனில் ஓடிய படத்துக்கு டிசம்பரில் ஜோக் சொல்வது லேசில்லை. எனவே நேரடி மூலம் பள்ளிக்கூடப் பாட்டு. படம் அந்த வருடம் பேட்மேனை எல்லோர் வாயிலும் வைத்திருந்தது என்பதை இரண்டாவது வாக்கியமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகைச் சிக்கல், இடையில் நிற்கும் மூலம். 2003இன் ‘டிஸ் த ஃபிஃப்டீன்த் சீசன்’ எபிசோடில் டிவியில் கிறிஸ்துமஸ் கேரல் பார்த்து ஹோமர் மனம் மாறுவார். மூலம் டிக்கன்ஸ் என்று எழுதினால் தவறில்லை, ஆனால் அரைகுறை. அவர் பார்ப்பது ‘மிஸ்டர் மெக்ரூ’ நடிக்கும் கார்ட்டூன். 1962இல் டிவிக்கென்றே எடுத்த ‘மிஸ்டர் மகூஸ் கிறிஸ்துமஸ் கேரல்’ நிகழ்ச்சியைத்தான் இடிக்கிறார்கள். அந்த எபிசோடின் பிற்பகுதியில் ஹோமர் ஊராரின் பரிசுகளையெல்லாம் திருடுவது, அப்படியே திருடும் க்ரின்ச்சின் கதையிலிருந்து. இப்படி இடைமூலம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், அருகில் இருப்பதை முதலில்.

1999இன் ‘க்ரிஃப்ட் ஆஃப் த மேஜை’ முடிவு நல்ல பயிற்சி. ஒரு நிமிடத்துக்குள் பர்ன்ஸை மூன்று ஆவிகள் வந்து பார்த்ததாகக் கதைசொல்லி சொல்வார் (டிக்கன்ஸ்), தான் பிறக்காமலே இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துவிட்டு மோ வருவார் (வொண்டர்ஃபுல் லைஃப்), நடிகர் கேரி கோல்மன் தன் பழைய சிட்காம் வசனத்தையே மோவைப் பார்த்துச் சொல்லி முடிப்பார் (1978இல் தொடங்கிய ‘டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்’). மூன்றையும் பத்து நிமிடத்தில் பிரித்து எழுத முடிகிறதா பாருங்கள்.

9. கால்பேக்கைப் பின்னாலிருந்து பிடிப்பது

ரெஃபரன்ஸுக்கு முன்னிருந்து பின் வருகிறோம், எபிசோடைப் பார்த்து மூலத்துக்குப் போகிறோம். கால்பேக்குக்கு எதிர்த்திசை. பழைய எபிசோடில் ஒரு சின்ன விவரத்தைப் பிடித்துக்கொண்டு, அது பின்னால் எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று போக வேண்டும். புதிய எபிசோடிலிருந்து தொடங்கினால், கண்ணில் படும் எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

1989 எபிசோடில் மார்ஜ் உறவினர்களுக்கு எழுதும் கிறிஸ்துமஸ் கடிதத்தில், ஸ்னோபால் என்ற பூனை வண்டியில் அடிபட்டுச் செத்தது, ஸ்னோபால் 2 என்று புதிதாக ஒன்று வாங்கிவிட்டோம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவாள். ஒரு வரி ஜோக். 2004 ஜனவரியில் வந்த எபிசோடில் அந்த ஸ்னோபால் 2 சாகிறது. 3 வருகிறது, சாகிறது. நான்காவதாக வந்த கோல்ட்ரேனும் போய்ச் சேர்கிறது. ஐந்தாவது பூனைக்கு, ஹோமரின் மகள் லிசா பழையபடி ஸ்னோபால் 2 என்றே பெயர் வைத்துவிடுகிறாள், புதுப் பெயரில் கிண்ணம் வாங்க வேண்டாம் பாருங்கள்.

அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் ஸ்கின்னர், இது ஏமாற்று வேலை என்பார். ‘சரிதான், டாம்ஸாரியன் சார்’ என்கிற தொனியில் லிசா பதில் சொல்ல, அவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். 1997இல் வந்த ஓர் எபிசோடில் ஸ்கின்னரின் நிஜப் பெயர் ஆர்மின் டாம்ஸாரியன் என்றும், அவரே இன்னொருவரின் பெயரில் வாழ்பவர் என்றும் காட்டிவிட்டு, கடைசியில் எல்லோரும் மறந்துவிடுவது என்று முடிவுகட்டியிருப்பார்கள். ஒரே காட்சியில் இரண்டு கால்பேக், இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன: மாற்றாள் வந்தாலும் பெயர் பழையதே. சங்கிலியின் முதல் கண்ணி அந்தக் கிறிஸ்துமஸ் கடிதம்.

நாய்க்கும் ஒரு சங்கிலி உண்டு. 1995 ஏப்ரலில் வந்த ‘டூ டஸன் அண்ட் ஒன் க்ரேஹவுண்ட்ஸ்’ எபிசோடில் அது ஓடிப்போய் நிற்பது பழைய நாய்ப் பந்தயத் திடலில்தான். இதைக் குறிக்கும்போது, 1989ஐப் பார்க்காதவருக்கும் காட்சி புரிகிறதா என்று கேளுங்கள். புரிந்தால் அது கதைத் தொடர்ச்சி. பழையதைத் தெரிந்தால்தான் சிரிப்பு வரும் என்றால் அசல் கால்பேக்.

வருங்காலத்தைக் காட்டும் எபிசோடுகளில் மட்டும் கவனம். 2011 கிறிஸ்துமஸ் எபிசோடில் லிசாவின் கணவன் மில்ஹவுஸ், ஆனால் 1995இன் ‘லிசாஸ் வெட்டிங்’ வேறொரு வருங்காலத்தைக் காட்டியது. இரண்டையும் முடிச்சுப்போட முயன்று ஒரு வாரத்தை வீணாக்கினேன். தொடரே அதைப் பொருட்படுத்தவில்லை, நாமும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

10. குறிப்பை எழுதுவது

ஒரு குறிப்புக்கு மூன்று வேலை: திரையில் என்ன நடக்கிறது, அது எங்கிருந்து வருகிறது, அதனால் என்ன ஜோக். மூன்றாவது இல்லாத குறிப்பை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

குழுவில் வந்த ஒரு முதல் வரைவு: ‘ஹோமர் டோனா டிக்ஸன் என்கிறார். டோனா டிக்ஸன் ஓர் அமெரிக்க நடிகை.’ எல்லாம் உண்மை, படித்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திருத்திய பிறகு: ‘கலைமான் பட்டியலின் கடைசி இரண்டு பெயர்களான டானரும் ப்ளிட்ஸனும் ஹோமரின் வாயில் சேர்ந்து டோனா டிக்ஸன் ஆகின்றன. எண்பதுகளின் தொடக்கத்து சிட்காம் நடிகையின் பெயர் அது. சாண்டா வேலைக்கு வந்தவருக்கு சாண்டாவின் வண்டியைவிட டிவி நன்றாகத் தெரிகிறது.’

அகராதி நடையில் வாழ்க்கை வரலாறு எழுதாதீர்கள். நடிகையின் பிறந்த ஊர், திருமணம் எல்லாம் ஜோக்குக்கு வெளியே. மாறாக, தமிழ் வாசகருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒரு தகவல் ஜோக்குக்குத் தேவை என்றால், அதை ஜோக்குக்கு முன்னால் வையுங்கள். கலைமான்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதைக் கடைசியில் சொன்னால் ஜோக்கை இரண்டு முறை படிக்க வைக்கிறீர்கள்.

சந்தேகமான வரிகளுக்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடும் குறிப்பில் சேர்க்காதீர்கள். என்னுடைய அந்தப் பக்கத்தில் பல வருடமாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஹோமர் மலிவுக் கடையில் குழந்தை மேகிக்கு ஒரு மெல்லும் பொம்மை வாங்குவார். நாய்க்கு என்று அதில் போட்டிருக்கிறது, அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்பார். அந்த எபிசோடு முடியும்போது வீட்டுக்கு ஒரு நாய் வந்துவிடுகிறது. இது வேண்டுமென்றே போட்ட முடிச்சா, தானாக அமைந்ததா? ஒவ்வொரு டிசம்பரும் அந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பேன், மறுபடி அதே பக்கத்தில் எழுதிவைப்பேன்.